அகப்படாத நரம்பு

"இண்டைக்காவது ஊசி குத்துவீரோ, டிலோஜினி?" றொட்னி ஆவலோடு சட்டைக் கையைச் சுருட்டினான்.

"பொறும். முதல்ல நரம்பைப் பிடிக்கோணும்."

கொலிச்சில் இரத்தம் எடுக்கப் படிப்பதாகச் சொல்லி, பக்கத்து வீட்டு டிலோஜினி மாதக்கணக்காக அவன் கையைப் பிடித்துத் தடவிக்கொண்டிருந்தாள். வலை இழுத்த கையில் நரம்புகள் கயிறாகப் புடைத்திருந்தும் அவளுக்கு ஒன்றுகூட அகப்படவில்லை. பாவம், சோதனையில் தேறவேண்டுமே என்று றொட்னி அந்தோனியாருக்கு மெழுகுதிரியும் கொளுத்தினான்.

மறுநாள் அவளோடு படிக்கிற டினோஜாவை வழியில் கண்டான்.

"தங்கச்சி, டிலோஜினி ஊசி குத்தப் பழகீட்டாவோ?"

"ஊசியோ? நாங்கள் மெய்யியல் எல்லோ அண்ணா படிக்கிறம்!"

றொட்னிக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. நேரே டிலோஜினியிடம் ஓடினான்.

"மற்றக் கையிலயும் ஒருக்காத் தேடிப் பாருமன்!"