உள்ளே ஓடிய மிஷின்

மதியம் மூன்றே கால் இருக்கும். பூட்டிய கேட்டுக்கு உள்ளே அச்சு மிஷின் ஓடத் தொடங்கியது.

முதலில், மிஷினை ஓட்டும் முன் அடிக்கும் எச்சரிக்கை மணி. இரண்டு குட்டை, ஒரு நெட்டை. பிறகு பல்சக்கரங்கள் ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கும் உறுமல். அதற்கும் பிறகு, தடதடவென்று அந்தச் சத்தம்.

வேலைநிறுத்தத்தின் நூற்று மூன்றாம் நாள் அது. மூன்று மாதத்துக்கு மேலாக அவர்களுடைய பத்திரிகை ஒரு பிரதிகூட வெளிவரவில்லை. எதிர் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் கையில் சீட்டோடு எழுந்தார்கள்.

"யாருடா உள்ளே?"

சங்கச் செயலாளர் தலைகளை எண்ணினார். மிஷின் பிரிவில் இருபத்தாறு பேர். இருபத்தாறு பேரும் இருந்தார்கள். சந்தேகத்துக்கு மறுபடி எண்ணினார். இருபத்தேழு வந்தது. மூன்றாம் முறை எண்ண அவருக்குத் தைரியம் வரவில்லை.

அந்த மிஷினை வெளியாள் ஓட்ட முடியாது. அது கிழடு, அதன் கோபதாபம் தெரிந்தவன்தான் கிட்டே போகலாம். அப்படியானால் உள்ளே இருப்பவன் இவர்களில் ஒருவன். ஆனால் இவர்கள் எல்லோரும் வெளியே நிற்கிறார்கள். பக்கத்தில் நிற்பவனை எல்லோரும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

பார்சல் கட்டும் பிரிவு அக்காதான் வாய்விட்டுச் சொன்னார். "அது ஃபோர்மேன் அடிக்கிற மணியாச்சே. அவருதானே அப்படி அடிப்பாரு?"

சொன்னபிறகு எதையோ நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஃபோர்மேன் செத்து இரண்டு மாதம் ஆகிறது. போராட்டத்தின் நாற்பத்தொன்றாம் நாள், இதே பிளாட்பாரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர். அடக்கத்துக்கு இவர்கள் எல்லோரும் போயிருந்தார்கள்.

கேட்டின் சின்னக் கதவு திறந்தது. ஒரு மேசையும் ஒரு நோட்டும் வெளியே வந்தன. வேலைக்குத் திரும்ப விரும்புகிறவர்கள் கையெழுத்துப் போடலாம் என்று மேனேஜரின் ஆள் கத்தினான்.

"மிஷினே ஓடுது. இனிமே நாம இங்க உக்காந்து யாருக்கு என்ன?" என்று முணுமுணுத்தபடி ஒருவர் ரோட்டைக் கடந்தார். அவர் பின்னால் மூன்று பேர். கொஞ்ச நேரத்தில் ஒன்பது பேர்.

செயலாளர் காதுக்காரரைத் தேடிப் பிடித்தார். மிஷின் பிரிவில் அவருக்கு அதுதான் பெயர். கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும், எந்த ரோலர் மை காய்ந்து ஓடுகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்.

"நீ சொல்லுப்பா. யாரு கை அது?"

மணி அடித்த உடனேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததுதான் குழப்பமாக இருந்தது. அது செத்தவரின் கை. அந்த நெட்டை மணியை அவ்வளவு நேரம் இழுப்பதற்கு வேறு ஆள் கிடையாது. தனக்குத்தான் மூளை கலங்கிவிட்டதோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் வைத்தார்.

மிஷின் ஓடினால் ரோட்டுக்கு இந்தப் பக்கம் வரைக்கும் தரை அதிரும். டீக்கடைக் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசும். தரை சும்மா கிடந்தது. டம்ளர்களும் சும்மா இருந்தன.

அப்போதுதான் விளங்கியது. போன வருடம் பத்திரிகையின் ஆண்டு விழாவுக்குப் படம் எடுக்க நாலு பேர் வந்திருந்தார்கள். ஒருவன் நீளக் கோலில் மைக்கைக் கட்டிக்கொண்டு ஒரு பகல் முழுக்க மிஷின் பக்கத்திலேயே நின்றான். அந்தச் சத்தம்தான் இது. ஜன்னலில் ஸ்பீக்கரை வைத்திருக்கிறார்கள். உள்ளே மிஷினும் ஓடவில்லை, பேப்பரும் அடிக்கவில்லை.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். போனவர்கள் திரும்பிவிடுவார்கள்.

வாயைத் திறந்தார். அன்று அந்த மைக் பிடித்தவன் நிற்கும்போது நடந்தது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

"என்னப்பா, சொல்லேன்! ஆள் போய்க்கிட்டே இருக்கு!"

"கொஞ்சம் இருங்க."

வரிசையில் இப்போது பதினாலு பேர். முதல் ஆள் குனிந்து பேனாவை எடுத்தார். செயலாளர் காதுக்காரரின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். அவர் அசையவில்லை. மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இரைச்சலுக்கு மேலே ஒரு கட்டைக்குரல் எழும்பியது.

"டேய் சின்னவனே, மூணாவது ரோலர் காயுது, பாருடா!"

ஃபோர்மேனின் குரல், படம் எடுத்த அன்று அவர் கத்திய அதே கத்தல். பிறகு பார்சல் அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அடப்பாவிங்களா, ரெக்கார்டு போட்டு நம்மள ஏமாத்துறானுங்க!" விசில் பறந்தது. ஸ்பீக்கரைப் பார்த்து யாரோ செருப்பை வீசினார்கள். பேனாவைப் பிடித்திருந்தவர் அதை மேசையிலேயே போட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். அவர் பின்னால் வரிசை கலைந்தது. உள்ளே எவனோ பதறிச் சத்தத்தை நிறுத்தினான்.

எல்லோரும் இந்தப் பக்கம் திரும்பி வர, காதுக்காரர் மட்டும் வெறுங்காலோடு ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போனார். கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாட்ச்மேனிடம் கேட்டார்.

"கடைசியில ஒரு குரல் வந்துச்சே. அதை மட்டும் இன்னொரு தரம் போடச் சொல்றீங்களா?"

முப்பதாம் நாள், "போதும்டா, உள்ள போயிடலாம்" என்று சொன்ன ஃபோர்மேனை, எல்லோர் முன்னாலும் கம்பெனி ஆள் என்று சொன்னவர் காதுக்காரர்தான். அதற்குப் பிறகு பதினோரு நாள், ஒரே வீட்டிலிருந்து புறப்பட்டு வந்து, ஒரே பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, அண்ணனும் தம்பியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.