பின்பக்கப் பாறை

பாஸ்கல் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பாறையில் பல்லி மாதிரி ஒட்டிக் கிடந்தான்.

இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே அவன் பெண்டாட்டி செபாஸ்தியம்மாள் ஏறிக்கொண்டிருந்தாள்.

திண்டுக்கல் மலைக்கோட்டைக்குப் படிக்கட்டு இருக்கிறது. கிழவர்கள்கூட ஏறலாம். அவள் அதை விட்டுவிட்டு மலையின் பின்பக்கமாக, வெறும் பாறையில், கால்விரலை வெடிப்புக்குள் நுழைத்து நுழைத்து ஏறினாள்.

நல்ல காரியத்துக்குப் போகிறவள் படி வழியாகத்தானே போவாள்?

பக்கத்து வீட்டுப் பேச்சாயிதான் போன வாரம் காதில் போட்டாள்.

“ஏப்பா பாஸ்கலு, ஞாயித்துக்கெழமையானா ஒம் பொண்டாட்டி ஆடு கணக்கா பாறையில ஏறுது. நாஞ் சொன்னேன்னு சொல்லிப்புடாத. ஆனா கேட்டு வையி.”

அவன் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது பதில் சொல்லுவாள். சொன்னால் நம்ப வேண்டியிருக்கும். கையும் களவுமாகப் பிடிப்பதுதான் சரி என்று முடிவு செய்தான்.

அவளுக்கென்று யார் இருக்கிறார்கள்? வேம்பார்க் கடற்கரையில் கன்னியர் மடத்தில் வளர்ந்தவள். தாய் தகப்பன் கிடையாது. சாமியார் பார்த்து முடித்துவைத்த கல்யாணம், எட்டு மாதம் ஆகிறது. சீராக வந்தது ஒரு தகரப் பெட்டி நிறையச் சிப்பியும் சங்கும் பவளப் பூவும்தான். அதிலும் இப்போது பாதியைக் காணோம். யாருக்குப் போனதோ.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் லத்தீன் பூசை முடிந்ததும் காணாமல் போவாள். திரும்பி வரும்போது முன்முடி மட்டும் நனைந்திருக்கும். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருக்கும். யாரை நினைத்து அவ்வளவு அழுகை?

மறுநாள் குழம்பு உப்புச் சப்பில்லாமல் இருக்கும். மனசு வேறெங்கோ கிடந்தால் கையில் ருசி எப்படி வரும் என்று அவன் வட்டிலைத் தள்ளிவிட்டு எழுந்துகொள்வான்.

அவனுக்குத் தோல் ஷாப்பில் பச்சைத் தோலுக்கு உப்புப் போடும் வேலை. வேலை முடிந்து அவன் தெருவில் வந்தால் ஊரே மூக்கைப் பொத்தும். அவள் மட்டும் பொத்தியதில்லை. கிட்டே வந்து மூச்சை இழுத்துக்கொண்டு நிற்பாள். முதலில் அதைப் பிரியம் என்றுதான் நினைத்தான். இப்போது அதுவும் சந்தேகமாக இருந்தது.

இன்றைக்கு அவள் முந்தானையில் கனமாக ஒரு முடிச்சுத் தொங்கியது. எவனுக்கோ கட்டுச்சோறு.

இடுப்பில் நீளமாக ஒரு பப்பாளி இலைத் தண்டைச் செருகியிருந்தாள். நுனியைக் கீறி ஊதினால் பீப்பீ சத்தம் அரை மைலுக்குக் கேட்கும். ஊதித்தான் கூப்பிடுகிறாள் போலிருக்கிறது.

அவள் ஒரு மேட்டைத் தாண்டி மறைந்தாள்.

அவன் சிலுவை போட்டுக்கொண்டு பின்னால் தவழ்ந்தான். முழங்காலில் தோல் உரிந்தது. வருகிறவன் வாட்டசாட்டமானவனாக இருந்தால் என்ன செய்வது என்று அப்போதுதான் யோசனை வந்தது. செருப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு மேல் தலையை நீட்டினான்.

அவளைத் தவிர யாருமில்லை.

பாறையில் அண்டா அளவுக்கு ஒரு குழி. அதில் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அவள் குழி ஓரத்தில் உட்கார்ந்து முந்தானை முடிச்சை அவிழ்த்து அப்படியே தண்ணீரில் கொட்டினாள்.

சரசரவென்று விழுந்த அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். வாரத்தில் ஆறு நாள் கேட்கிற சத்தம்.

கல் உப்பு.

அவள் கையை விட்டுக் கலக்கினாள். ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு, குழம்புக்கு ருசி பார்ப்பதுபோல நக்கிப் பார்த்தாள். போதவில்லை. முந்தானையில் ஒட்டியிருந்ததையும் உதறிவிட்டு மறுபடி நக்கினாள். தலையை ஆட்டிக்கொண்டாள்.

பிறகு பப்பாளித் தண்டை வாயில் கவ்விக்கொண்டு பாறையில் குப்புறப் படுத்து, கண்ணை அகல விரித்தபடியே முகத்தைத் தண்ணீருக்குள் இறக்கினாள். தண்டின் மறுமுனை மட்டும் வெளியே நின்று மூச்சு வாங்கியது.

குழியின் அடியில், பெட்டியில் குறைந்துபோன சிப்பியும் சங்கும் வெள்ளைப் பவளப் பூவும் கிடந்தன. பாஸ்கல் கடலைப் பார்த்ததேயில்லை. ஆனாலும் அங்கே அப்படித்தான் கிடக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

காய்ந்த பாறையின் மேல் அவளுடைய கால்கள் இரண்டும் மெல்ல மேலும் கீழும் அடித்துக்கொண்டிருந்தன. நீந்திக்கொண்டிருந்தாள்.

ரொம்ப நேரம் கழித்து முகத்தைத் தூக்கினாள். கண் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது.

“எரியுது!” என்று தண்ணீரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வாய்விட்டுச் சிரித்தாள்.

எட்டு மாதத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவன் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, சத்தம் வராமல் வந்த வழியே சறுக்கி இறங்கினான்.

திங்கட்கிழமை குழம்பு வழக்கம்போலத்தான் இருந்தது. பாஸ்கல் இரண்டாவது தடவையும் சோறு வாங்கிக்கொண்டான்.

“உப்பு பத்துதா?” என்று அவள் பயந்துகொண்டே கேட்டாள்.

“அளவாத்தான இருக்கு. இன்னுங் கொஞ்சம் ஊத்து.”

செபாஸ்தியம்மாள் கரண்டியிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். பிறகு, சம்மணம் போட்டிருந்தவனின் உரிந்த முழங்காலைச் சந்தேகமாகப் பார்த்தாள்.