கடலட்டைக் கறி

வந்தவள் மென்றுகொண்டிருந்தாள்.

இன்னும் மென்றுகொண்டிருந்தாள்.

கறி வைத்தவள் பந்தல் காலைப் பிடித்தபடி அந்தத் தாடையையே பார்த்து நின்றாள். பதினொரு வருடமாக இந்தக் கரையோர வாடிக் கொட்டிலில் கடலட்டை அவிப்பவள். குடல் எடுத்து, கிடாரத்தில் அவித்து, உப்பில் போட்டு, மறுபடி அவித்து, வெயிலில் காயவைத்துச் சீனாவுக்குப் பெட்டி கட்டியிருக்கிறாள். ஒரு துண்டு வாயில் வைத்ததில்லை. இந்தக் கரையில் யாருமே வைத்ததில்லை. பேரிலேயே அட்டை இருக்கிறதே!

ஆனால் அறிய ஆசை இருந்தது. கடல் தாண்டி வந்து பொன் விலை கொடுக்கிறார்களே, அப்படி என்னதான் ருசி?

வந்தவளும் சீனத்துப் பெண்தான். இங்கத்தைக் கடலட்டைப் பண்ணைக்கு முதல் போடப்போகும் கம்பெனி அனுப்பிய ஆள். பையில் ஒரு படிவம். அவித்துக் காயவைக்கும் வேலை இங்கேயே நடக்கட்டுமா, இல்லை பச்சையாகக் கப்பலேற்றித் தங்கள் ஆலையில் செய்துகொள்வதா? நாளைக் காலை கொழும்பில் பதில் கொடுக்க வேண்டும்.

வாடியில் இருபத்தாறு பெண்கள்.

காலையில் வந்து இறங்கியதும் வந்தவள் கிடாரத்தைப் பார்த்தாள். காய்ந்ததை மோந்தாள். நகத்தால் தட்டினாள். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. பிறகு கூட வந்த மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ கேட்டாள்.

“அக்கா, இஞ்ச நீங்கள் இதை எப்பிடிச் சமைக்கிறனீங்கள் எண்டு கேக்கிறா.”

சமைப்பதில்லை என்று சொல்லியிருக்கலாம். செய்கிறவளே வாயில் வைக்காத பண்டத்தை வேறு யார் நம்புவார் என்று பயம் வந்துவிட்டது. ஆழம் தெரியாமல் காலை விட்டாள்.

“கறிதான் வைப்பம். இருந்து ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போகச் சொல்லுங்கோ.”

கருவாட்டுக் குழம்பு அவளுக்குக் கைவந்த கலை. காய்ந்தது எல்லாம் ஒன்றுதானே? சுடுநீரில் அரை மணி நேரம் போட்டாள். வெட்டும்போது கத்தி வழுக்கியது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பழப்புளி, மிளகாய்த்தூள், தேங்காய்ப்பால். மணம் என்னவோ ஊரைக் கூட்டியது. பெண்கள் கைவேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

வந்தவள் மெல்வதை நிறுத்தினாள்.

துண்டை வெளியே எடுத்தாள். சோற்றுக் கோப்பை விளிம்பில் தட்டினாள்.

டொக்.

கறி வைத்தவள் பெண்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. இருபத்தாறு வீட்டு அடுப்பிலும் நானே தண்ணீர் ஊற்றிவிட்டேனே.

வந்தவள் எழுந்தாள்.

படிவத்தை எடுக்கத்தான் என்று கறி வைத்தவள் நினைத்தாள். இல்லை. வந்தவள் காயப்போட்ட பாயருகே குனிந்து, ஒவ்வொன்றாகப் புரட்டி, தடித்ததாக நான்கு அட்டைகளைப் பொறுக்கினாள். சருவச்சட்டி ஒன்றைக் கழுவினாள். கழுவியது போதாது என்று இன்னொரு முறை கழுவினாள். குடத்து நீரை ஊற்றி, நான்கையும் போட்டு, தட்டால் மூடினாள். மூன்று விரலைக் காட்டினாள்.

மூன்று மணித்தியாலமா?

மொழிபெயர்ப்பாளர் ஒருமுறைக்கு இருமுறை கேட்டுவிட்டுத்தான் சொன்னார்.

“மூண்டு நாள் ஊற வேணுமாம், அக்கா.”

வெளியே அவர்களை ஏற்றி வந்த வான்காரன் ஹாரன் அடித்தான். கொழும்புக்கு எட்டு மணித்தியால ஓட்டம்.

வந்தவள் திரும்பிப் பார்க்காமல், நிறுத்து என்பதுபோல் கையை மட்டும் அசைத்தாள். சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தாள். மறுபடி உட்கார்ந்து, துண்டுகளை ஒதுக்கிவிட்டு, சோற்றின் மேல் குழம்பை ஊற்றிக்கொண்டாள்.

வானின் எஞ்சின் நின்றது.