மேற்குச் சுவரில் ஒரு கொடி

“அண்ணா, இது துப்புது.”

“அதெல்லாம் துப்பாது. காலையிலதானே அதைக் குளிப்பாட்டி விட்டேன்.”

“அப்போ நான்தான் துப்பினேன்னு வச்சுக்கோ. வந்து பாரு.”

தங்கையின் கையில் ஏர்பிரஷ் இருந்தது. பேனா மாதிரி பிடித்து, காற்றோடு பெயின்ட்டைப் பனிபோலத் தூவுகிற கருவி. மேசைமேல், வீடு வாங்க வருகிறவர்களுக்குக் காட்ட அண்ணன் அட்டையில் வெட்டி ஒட்டிய அடுக்குமாடிக் கட்டடத்தின் மாடல். அதன் மேற்குச் சுவரில், இரண்டாம் மாடி ஜன்னலுக்குக் கீழே, பழுப்பாக ஒரு கறை வழிந்திருந்தது. சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். அண்ணனின் கண்ணுக்கு அது ஒரு மாவட்டம் அளவுக்குத் தெரிந்தது.

“போச்சு,” என்று ஸ்டூலில் உட்கார்ந்தார்.

மாடலைப் பார்க்கக் கிளம்பிவிட்டதாக அப்போதுதான் பில்டர் போன் செய்திருந்தார். பிடித்துவிட்டால் இனி அவர் கட்டுகிற கட்டடத்துக்கெல்லாம் மாடல் இவர்களுடையதுதான். பிடிக்காவிட்டால் அண்ணன் மறுபடியும் மாமனாரின் பர்னிச்சர் கடையில் போய் உட்கார வேண்டும். மருமகனைப் பார்த்து மாமனார் விடுகிற பெருமூச்சில் கடையின் ஷட்டரே ஆடும்.

“பெயின்ட் வெள்ளை. பழுப்பு எங்கேர்ந்து வந்துது?”

தங்கைக்குக் கவலையைவிட ஆச்சரியம்தான் அதிகம். வீடு பற்றி எரிந்தாலும், முதலில் எந்த அறையில் பிடித்தது என்று விசாரிக்கிற ரகம் அவள்.

ஏர்பிரஷ்ஷைக் கழற்றினாள். ஊசியை உருவி வெளிச்சத்தில் பிடித்தாள், வளையவில்லை. முனையை ஊதினாள், அடைப்பில்லை. பெயின்ட் ஊற்றுகிற கிண்ணத்தை மோந்துகூடப் பார்த்தாள்.

“நக்கிப் பாக்கலையா?”

“அது உனக்குன்னு விட்டு வச்சிருக்கேன்.”

அடுத்து, காற்று வருகிற ரப்பர் குழாயைக் கழற்றி உதறினாள். அண்ணனின் சட்டையில் இரண்டு சொட்டுத் தெறித்தது. பழுப்பு.

இருவரும் மெல்லத் திரும்பி, மூலையில் நின்று குழாய்க்குக் காற்றை அமுக்கி அனுப்புகிற கம்ப்ரசரைப் பார்த்தார்கள்.

அது அண்ணனின் செல்லப்பிள்ளை. தினமும் துடைத்து, மெழுகு போட்டு, அதில் முகம் பார்த்துத்தான் சவரமே செய்வார். பெற்ற பிள்ளைகள் மூன்றும் சேர்ந்துகூட அவர் கையால் அத்தனை குளியல் கண்டதில்லை.

“மேலெல்லாம் பளபளன்னுதான் இருக்கு. டேங்குக்கு அடியில ஒரு திருகு இருக்கே, அதை என்னைக்காவது திறந்திருக்கியா?”

“அதை எதுக்குத் திறக்கணும்? காத்து போயிடாது?”

“காத்தை அமுக்க அமுக்க அதுல இருக்கற ஈரமெல்லாம் தண்ணியா அடியில தங்கிடும், வேலை முடிஞ்சதும் திறந்து விடுங்கன்னு கடைக்காரர் தலைபாடா அடிச்சுக்கிட்டாரே.”

“அவர் சொல்லும்போது நான் இதோட கலரைப் பாத்துட்டு இருந்தேன்.”

அவள் குனிந்து திருகைத் திறந்தாள். துருத் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. கிண்ணம் வைத்தார்கள், நிரம்பியது. பக்கெட் வைத்தார்கள். வந்த வேகத்துக்கு நடுவில் ஒரு மீன் துள்ளி விழுந்திருந்தாலும் இருவரும் நம்பியிருப்பார்கள்.

“நீ கம்ப்ரசர் வாங்கலைண்ணா. ஒட்டகம் வாங்கியிருக்கே.”

காரணம் கிடைத்துவிட்டது. கறை மட்டும் போகவில்லை.

“மேல ஒரு தடவை அடிச்சு மறைச்சுடேன்.”

“காயறதுக்குள்ள அவர் வந்துடுவார். திட்டுத் திட்டாத் தெரியும்.”

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். மரங்கள் செய்ய வைத்திருந்த பச்சை ஸ்பாஞ்சைப் பொடிப்பொடியாகக் கிள்ளினாள். கறையின் மேல் பசை தடவி, ஜன்னலிலிருந்து தொங்குகிற மாதிரி ஒட்டினாள். சுவரில் அழகாக ஒரு கொடி முளைத்தது.

“அடிப்பாவி, வரைபடத்துல கொடியே கிடையாதே. ஒரு ஜன்னல் கம்பி இடம் மாறினாலே அந்த மனுஷன் தரைக்கும் கூரைக்குமா குதிப்பார்.”

பதில் சொல்ல நேரமில்லை. வாசலில் கார் நின்றது.

பில்டர் தன் மேனேஜரோடு உள்ளே வந்தார். மாடலைச் சுற்றி நடந்தார். முன்பக்கம் பார்த்துத் தலையசைத்தார். மொட்டை மாடியைப் பார்த்து லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார். மேற்குச் சுவருக்கு வந்ததும் அவர் முகம் வெளிறிப்போயிற்று.

“இது என்ன?”

“கொடி, சார். அழகுக்கு,” என்றாள் தங்கை.

“வரைபடத்துல இருக்கா?”

“இல்லை, சார்.”

“நீங்க ரெண்டு பேரும் சைட்டுக்கு வந்தீங்களா?”

“அது எந்தப் பக்கம்னுகூட எங்களுக்குத் தெரியாது, சார். நீங்க அனுப்பின வரைபடத்தை வச்சுத்தான் எல்லாம்.”

பில்டர் விரல் நுனியால் கொடியைத் தூக்கிப் பார்த்தார். அடியில் அந்தப் பழுப்புக் கறை. அண்ணன் மனதளவில் பர்னிச்சர் கடைக்கே போய்ச் சேர்ந்துவிட்டார்.

“நீங்க போய்க் கார்ல இருங்க,” என்று மேனேஜரை அனுப்பிவிட்டு, பில்டர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“இனிமே நான் கட்டுற எல்லாத்துக்கும் மாடல் நீங்கதான். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க.” அவர் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. “சைட்ல கட்டி முடிச்ச கட்டடத்துல இதே ஜன்னலுக்குக் கீழதான் தண்ணி ஒழுகுது. அதை மறைக்க நானும் கொத்தனாரும் மட்டும் யாருக்கும் தெரியாம போய், பிளாஸ்டிக் கொடி வாங்கித் தொங்கவிட்டோம். உங்ககிட்ட யார் சொன்னது?”