கோலி நின்ற இடம்

வாடகை வீடுகளில் ஆணி அடிக்கக்கூட வீட்டு உரிமையாளரிடம் அனுமதி கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவள் அவள். முதன்முதலாகச் சொந்தமாக வாங்கப்போகும் வீட்டை, கையெழுத்துப் போடும் முன் அவளும் கணவனும் ஓர் இன்ஜினியரை அழைத்துவந்து காட்டினார்கள். அவர் சுவர்களைத் தட்டிப் பார்த்தார். குழாய்களைத் திறந்து மூடினார். கடைசியாகச் சட்டைப் பையிலிருந்து கண்ணாடிக் கோலி ஒன்றை எடுத்துக் கூடத்தின் தரையில் வைத்தார்.

"தரை சரிவா இருந்தா இது காட்டிக்கொடுத்துடும்."

கோலி மெல்ல உருண்டு அவள் காலடியில் வந்து நின்றது. படுக்கையறையிலும் அவளிடமே வந்தது.

"நீங்க அந்த மூலைக்குப் போங்கம்மா," என்றார் இன்ஜினியர்.

அவள் நகர்ந்தாள். பாதி வழி வந்திருந்த கோலி வளைந்து அவள் பின்னாலேயே போனது.

"வீட்டுக்கு உன்னைப் பிடிச்சுப்போச்சு," என்று கணவன் சிரித்தான்.

இன்ஜினியர் சிரிக்கவில்லை. சரிவு பார்க்கும் ரசமட்டத்தைத் தரையில் வைத்தார். குமிழி நட்டநடுவில் நின்றது.

"தரையில ஒரு குறையும் இல்லைங்க," என்று கோலியைப் பையில் போட்டுக்கொண்டார்.

கதவைப் பூட்டிவிட்டு மூவரும் வாசலில் நின்றபோது, உள்ளே ஏதோ உருண்டு வந்து கதவில் மெல்ல இடித்தது.

"சார், கோலிய உள்ளயே விட்டுட்டீங்க போல," என்றான் கணவன்.

அவர் பைக்குள் கைவிட்டு, கோலியை எடுத்து உள்ளங்கையில் காட்டினார்.

அவள் மட்டும் சுவரோரமாக நடந்துபோய் ஜன்னலுக்குக் கீழே நின்றாள். சுவருக்கு அந்தப்புறம் அந்தச் சத்தமும் கூடவே உருண்டு வந்து, அவள் நின்ற இடத்தில் நின்றது.