ரெண்டு டிகிரி ஆப்பு

கெலிஓயா கராஜுக்கு முன்னால் லொறியை நிறுத்திவிட்டு இறங்கினான் புது டிரைவர் சந்திரபோஸ்.

"என்னப்பா, இன்னும் ஆடுதா?" கதிரையில் சாய்ந்தபடியே கேட்டார் மெக்கானிக் தவராஜா.

வேறு யாரோ பின் அக்சலை மாற்றியதிலிருந்து, வேகம் நாற்பதைத் தாண்டினாலே நடுங்கிய லொறி அது. தவராஜாதான் போன மாதம் மூன்று தரம் கழற்றி, பாரம் தாங்கும் வில்லுத் தகடுகளுக்கும் அக்சலுக்கும் நடுவில் ஆப்பு வைத்து, அக்சலைச் சுழற்றும் பல்சக்கரமான பினியனை ரெண்டு டிகிரி நிமிர்த்திப் பூட்டினார்.

"ஆடலண்ணே. அதான் பிரச்சினை. அந்த ஆப்பைக் கழட்டிருங்க."

"பைத்தியமா உனக்கு?"

"லொறி நடுங்கினப்போ இடுப்பு வலிக்குதுன்னு முதலாளி ஏறவே மாட்டாரு. இப்ப தினமும் தம்புள்ள வரைக்கும் பக்கத்துலயே உட்கார்ந்து வர்றாரு. கியரை மாத்து, ஹோர்ன் அடி, பஸ்ஸுக்கு வழி விடுன்னு வாய் ஓயாது. நீங்க எனக்குல்ல ஆப்பு வச்சிட்டீங்க."

தவராஜா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"முடியாது தம்பி. இந்தக் கதிரை யாரோடது தெரியுமா? உன் முதலாளியோடது. போன மாசம் வரைக்கும் காலையில வந்தாருன்னா பொழுது சாயிற வரைக்கும் இதுல உட்கார்ந்து, அந்த நட்டை முறுக்கு, இந்த நட்டை விடுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. எனக்குப் பொண்ணு குடுத்த மாமனாரு. எழுந்து போங்கன்னு சொல்ல முடியுமா?"

கதிரையில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"பின்ன, மூணு தரம் எதுக்குக் கழட்டிப் பூட்டினேன்னு நினைச்சே?"