ஒற்றைத் தலையணை

பரிமளத்துக்குப் பனியன் கம்பெனியில் பகல் வேலை. கணவன் தங்கராசுக்கு நூல் மில்லில் இரவு வேலை. ஞாயிறென்றால் யாராவது ஒருவருக்கு ஓவர்டைம் போட்டுவிடுவார்கள். ஆகவே கல்யாணத்துக்கு வாங்கிய ஒரு கட்டிலும் ஒரு தலையணையுமே இத்தனை வருடம் போதுமாயிருந்தன. இலவம்பஞ்சில் அவள் தலை பதிந்த குழியில்தான் அவனும் தலை வைப்பான். ஊரடங்கு வந்து இரண்டு வேலையும் நின்றுபோயின. முதல் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு அவன் படுத்தான். அவள் கதவோரம் உட்கார்ந்தாள்.

“நீயும் வந்து படு புள்ள.”

“இது உங்க நேரமாச்சுங்களே. நீங்க தூங்குங்க.”

அவன் சுவரோரம் நகர்ந்துகொண்டான். சற்றுப் பொறுத்து அவளும் வந்து படுத்தாள். தலையணையில் ஆளுக்கொரு ஓரமாகத் தலை வைத்திருந்தார்கள். நடுவில் அந்தக் குழி காலியாகக் கிடந்தது.